எந்த மலை என்று மாமா கேட்கவில்லை

நிம்மதியாக இருப்பதற்குக்கூட அட்டவணை போட்டவள் நான். இதை நானே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் கணவர் முந்திக்கொள்வார். "மாலை 4.10 முதல் 4.25 வரை நிம்மதி" என்று அதில் ஒரு வரி. 4.25-க்கு மேல் ஏன் நிம்மதி கிடையாது என்றால், 4.30-க்குக் குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டும். (நடுவில் ஐந்து நிமிடம் கைவசம் இருக்கட்டும் என்று விட்டது. எதிலும் ஐந்து நிமிடம் கைவசம் வைப்பேன்.)

எல்லாம் முடி கொட்டியதில் ஆரம்பித்தது. எனக்குச் சொந்த ஊர் விழுப்புரம், வாழ்க்கைப்பட்டது திண்டிவனம். இங்கே ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வருவதைப் பார்த்துப் பயந்து தோல் மருத்துவரிடம் போனேன். அவர் என் தலையைப் பார்க்கவே இல்லை. நான் கொண்டுபோயிருந்த மூன்று பக்கக் கேள்விப் பட்டியலைத்தான் பார்த்தார். மருந்தெல்லாம் வேண்டாம், எங்கேயாவது போய் நான்கு நாள் சும்மா இருங்கள் என்றார்.

சும்மா இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. என் கணவர் குமரனுக்கு நன்றாகத் தெரியும். (மோட்டார் பம்ப் கடை வைத்திருக்கிறார். மழைக்காலம் முழுவதும் அதைத்தான் செய்கிறார்.) அவர்தான் பாலித் தீவு என்று ஆரம்பித்தார். கடலுக்கு நடுவே பச்சைப் பசேல் என்று ஒரு தீவு, படிப்படியாக இறங்கும் நெல்வயல், அருவி, நான்கு நாள் யாரும் நம்மை எதுவும் கேட்க மாட்டார்கள். கைப்பேசியில் படம் படமாகக் காட்டினார். எல்லாப் படத்திலும் வயலுக்குப் பின்னால் கூம்பு மாதிரி ஒன்று நின்றுகொண்டிருந்தது.

"அது என்ன?" என்றேன்.

"மலை."

"அது எரிமலைங்க."

"தூங்கிக்கினு இருக்குது நித்யா. வுடு."

படித்தவளுக்கு வரும் தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. எரிமலைகள் மூன்று வகைப்படும்: செயல்படும் எரிமலை, உறங்கும் எரிமலை, தணிந்த எரிமலை. வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டு, சிவப்புச் சாக்பீஸில் லாவாவை ஒழுகவிட்டு நான் நடத்தும் பாடம். பிள்ளைகள் செயல்படும் எரிமலைக்குத்தான் வாயைப் பிளப்பார்கள். எனக்குப் பயம் உறங்கும் எரிமலையிடம். நான்கு வயதுக் குழந்தையை வைத்திருப்பவளுக்கு, தூங்குகிறது என்று ஒருவர் சொன்னால் அடுத்த நொடி என்ன ஆகும் என்று தெரியும்.

ஆனாலும் சரி என்றேன். வழுக்கையா எரிமலையா என்று வந்தபோது, எரிமலைதான் தூரத்தில் இருந்தது.

எவ்வளவு தூரத்தில் என்பதையும் அளந்தேன். நாங்கள் பார்த்த விடுதிக்கும் மலைக்கும் சுமார் நாற்பது கிலோமீட்டர். என் புத்திக்குப் புரியும்படி அதை ஊர்க் கணக்குக்கு மாற்றினேன்: மலை திண்டிவனத்தில் என்றால் நாங்கள் விழுப்புரத்தில். லாவா கிளம்பி விக்கிரவாண்டி டோல்கேட் வருவதற்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம். அப்படியும் மனது ஆறவில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கும், சாம்பல் விழுந்தால் பால் பவுடர் டப்பாவை எதில் மூடுவது, மகள் யாழினிக்கு அளவான முகக்கவசம் இரண்டா மூன்றா என்று யோசித்து யோசித்து, அந்தச் சும்மா இருக்கும் பயணத்துக்கு நான் போட்ட திட்டம் நான்கு பக்கத்துக்கு வந்தது.

கைப்பேசியில் எல்லாரும் அடிப்பது போல, தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தேன். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, மழையில் நனையக்கூடாது என்று லேமினேஷனும் போட்டேன். கடைக்காரர் "கோயில் கும்பாபிஷேகமாங்க டீச்சர்?" என்று கேட்டார்.

இனி என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் மாமா என்று கூப்பிடுகிறேன். அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை, என் கல்யாணத்துக்கு முன்பே தவறிவிட்டார். வீட்டில் நாங்கள் மூவரும் மாமாவும்தான். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும் தடத்தில் பெரும்பாலும் அவருக்கு வேலை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்துக்குப் போகும் கூட்டத்தை ஏற்றிக்கொண்டுபோய் இறக்குவார். அவருக்கு மட்டும் ஒருநாளும் மலையைச் சுற்ற வாய்க்கவில்லை. பௌர்ணமிக்கு லீவு கேட்கிற கண்டக்டருக்கு யார் கொடுப்பார்கள்?

யாழினிக்கு ஒரு வயதில் காய்ச்சலில் வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு மாமா வேண்டிக்கொண்டார்: பாப்பா பிழைத்தால் தோளில் சுமந்துகொண்டு மலையைச் சுற்றுகிறேன் என்று. பிழைத்தாள். அடுத்த மாதமே சுற்றியிருக்கலாம். நான்தான் விடவில்லை. முதலில் குளிர், பிறகு வெயில், பிறகு மழை, பிறகு கூட்டம், பிறகு எங்கோ அம்மை போட்டிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். மூன்று வருடம் மாமா எதுவும் சொல்லவில்லை. "வேண்டுதல் வெயிட்டு ஏறிக்கினே போவுதும்மா" என்று ஒரே ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னார். அவருக்கு இடது முட்டி ஏற்கெனவே தகராறு.

இப்படிப்பட்டவரிடம், உங்கள் வேண்டுதலுக்கு வெயில் ஆகாது என்று சொன்ன நான், குழந்தையை நெருப்பு கக்கும் மலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று எப்படிச் சொல்வது? குமரன், "நீயே சொல்லிடு, நீ சொன்னா அப்பா கேப்பாரு" என்று கடைக்குப் போய்விட்டார். நானும் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒருநாள் காலை டிராவல்ஸ்காரரிடம் போனில் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தேன். மலையைச் சுற்றிவர எவ்வளவு நேரமாகும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாமா, நெருப்பு கண்ணுக்குத் தெரியுமா என்று வரிசையாகப் போனது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மாமா நிற்கிறார்.

"இன்னாம்மா, மலை சுத்தறதா?"

இதுதான் நேரம் என்று வாயைத் திறந்தேன். "ஆமா மாமா. மலையைச் சுத்திட்டு வரலாம்னு…"

"பாப்பாவோடவா?"

"பாப்பாவோடதான்."

தேதி கேட்டார். சொன்னேன். சுவரில் தொங்கிய நாள்காட்டியில் விரலை ஈரப்படுத்தி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ஒரு தாளில் விரல் நின்றது. சித்ரா பௌர்ணமி. அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை. கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

எந்த மலை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சத்தியமாகச் சொல்லியிருப்பேன். (இதை என் கணவரிடம் இருநூறு தடவை சொல்லியாயிற்று.)

நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் காலை மாமா தோளில் பதினைந்து கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். மாவு மில்லுக்கு எதற்கு இவ்வளவு அரிசி என்று நினைத்தேன். முக்கால் மணி நேரத்தில் அதே மூட்டையோடு வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. யாழினியின் எடை பதினைந்து கிலோ. மனிதர் தெருவைச் சுற்றிப் பழகிக்கொண்டிருக்கிறார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு காலையும் மூட்டை வெளியே போகும்போது இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன்; அது உள்ளே வரும்போது இன்று வேண்டாம், மூச்சு வாங்குகிறார் என்று நினைப்பேன். யாழினியே ஒருநாள் அவரிடம், "தாத்தா, நாம பிளேன்ல போறோம்" என்று போட்டு உடைத்தாள். மாமா, "பிளேன்ல மலைக்கா? போவலாம் கண்ணு, தாத்தாதான் உனுக்கு பிளேனு" என்று தோளைத் தட்டிக் காட்டினார். எரிமலையைப் பற்றிய என் பயம் அந்த இருபது நாளில் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது.

சொன்னாயா என்று குமரன் கேட்டபோது, சொல்லிவிட்டேன் என்றேன். பொய் இல்லை. மலை, சுற்றுவது, பாப்பா, தேதி, எல்லாம் சொல்லியிருந்தேன். கடைசியில் கோழைகளுக்கே உரிய ஒரு வழியைக் கண்டுபிடித்தேன். சென்னைக்குப் போய்ச் சேர்ந்ததும் போனில் சொல்லிவிடுவது. திட்டத்தில் அதற்கும் ஒரு வரி சேர்த்தேன். லேமினேஷனுக்கு முன்பே சேர்த்துவிட்டேன் என்பதுதான் விதி.

விமானம் இரவு 11.50-க்கு. நான் காலை 6.30-க்கு வீட்டிலிருந்து கிளம்புவதாகப் போட்டிருந்தேன். (சிரிக்க வேண்டாம். செங்கல்பட்டில் லாரி கவிழ்ந்தால்?) ஆறேகாலுக்குக் கார் வந்தது. மூன்று பெட்டிகளை வாசலில் வைத்துவிட்டு நிமிர்ந்தால், காருக்குப் பின்னால் ஒரு வேன் வந்து நின்றது. உள்ளிருந்து மாமாவின் அக்கா கோலியனூர் அத்தையும் அவர் வீட்டு ஜனமும் இறங்கினார்கள். எல்லார் காலிலும் செருப்பில்லை. ஒரு பெரிய தூக்கில் புளிசாதம். வேனின் முன்கண்ணாடியில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. மாமா வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதியோடு உள்ளேயிருந்து வந்தார்.

"உனுக்கு சொல்லாமலே ஏற்பாடு பண்ணேன்மா. எல்லாரும் சேந்து போனாத்தானே நல்லாருக்கும்" என்றார். பெட்டிகளைப் பார்த்தார். "மலை சுத்த எதுக்கும்மா இம்மாம் பொட்டி?"

பெட்டியின் கைப்பிடியில் என் திட்டம் நாடா கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. மாமா அதைக் கையில் எடுத்தார். "புரோகிராம் போட்டு வெச்சிருக்குது பாரு எம் மருமவ" என்று எல்லாரிடமும் பெருமையாகக் காட்டிவிட்டுக் கண்ணாடியை மாட்டினார். ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி, நிறுத்தம் பெயர் சொல்லும் அதே கண்டக்டர் குரலில், தெருமுனை வரை கேட்கும்படி படிக்க ஆரம்பித்தார்.

"பி, ஏ, எல், ஐ. பலி."

கோலியனூர் அத்தை, "இன்னாது?" என்றார்.

"பலின்னுதான் போட்டுருக்குது. பலி, ரெண்டாம் நாளு. காலை அஞ்சரை, எரிமலை."

நான் மாமா என்று கூப்பிட்டேன். அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

"குழந்தைய முன்னாடியே குளிப்பாட்ட. புது கவுனு. கன்னத்துல திருஷ்டிப் பொட்டு." அவர் குரல் வேகம் குறைந்தது. "மேல கொண்டு போவ. அழுதா பிஸ்கெட்டு. எட்டிப் பாக்க வுடக் கூடாது. இறுக்கிப் புடிக்க."

வேனில் வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை நகர்ந்து வந்து யாழினியைத் தன் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"மாலை நாலு பத்து," என்றார் மாமா, இன்னும் மெதுவாக. "நானும் அவரும் நிம்மதி."

இதற்குள் குமரன் ஓடிவந்து தாளைப் பிடுங்கப் பார்த்தார். மாமா விடவில்லை. முப்பது வருடம் ஓடும் பேருந்தில் கூட்டத்துக்கு நடுவே டிக்கெட் கட்டைப் பிடித்திருந்த கை அது. தாளைத் திருப்பி, கிளம்பும் நாளுக்குப் போனார்.

"காலை பதினொன்னு. மாமாவுக்கு போன் பண்ண. உண்மை சொல்ல. அஞ்சு நிமிஷம்."

அதன் பிறகு அவர் படிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். சிரித்துக்கொண்டிருந்த கார் டிரைவர்கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் அழுதுகொண்டே சொன்னேன். பலி இல்லை, பாலி. அது ஒரு தீவு. அங்கேயும் ஒரு மலை இருக்கிறது. நான் சொன்னது அந்த மலை. குமரன், "அப்பாகிட்ட சொல்லிட்டேன்னியே?" என்றார். "சொன்னேன். மலைன்னு சொன்னேன்" என்றேன். அது நெருப்பு கக்குகிற மலையா என்று அத்தை கேட்டார். பதற்றத்தில் எனக்குப் பாடம் நடத்தத்தான் வந்தது. எரிமலைகள் மூன்று வகைப்படும் என்று ஆரம்பித்து, உறங்கும் எரிமலை வரைக்கும் போய்விட்டேன்.

"ஊர்ல எல்லாரும் காதுல பூ சுத்துவாங்க," என்றார் அத்தை தம்பியிடம். "உம் மருமவ மலையையே சுத்திட்டா."

வேன் முழுக்கச் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை.

"உண்மைக்கு அஞ்சு நிமிஷம் போட்டிருக்கியேம்மா," என்றார். "டிபனுக்கே நாப்பது நிமிஷம் போட்டிருக்க."

அவர் வாசற்படியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார். கோபமாகத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"போவக் கூடாதுன்னு நான் சொல்லலம்மா. ஊர் பாக்கற வயசு, போய்ட்டு வா. ஆனா இன்னும் ஒரு வருஷம் போனா என்னால பாப்பாவைத் தூக்க முடியாது. அதான் விஷயம்."

முட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு, "பிளேனு எத்தினி மணிக்கு?" என்றார்.

"நைட்டு பதினொன்னு அம்பது."

"நைட்டா?" முதல்முறையாக அவர் முகத்தில் திகில் தெரிந்தது. "மணி இப்ப ஆறரை ஆவுதும்மா."

செங்கல்பட்டு, லாரி என்று முனகினேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. உதடு அசைந்தது, மனதுக்குள் தடம் ஓடிக்கொண்டிருந்தது. செஞ்சி ஏழே முக்கால், திருவண்ணாமலை ஒன்பது, சுற்றி முடிக்கும்போது மத்தியானம் மூன்று, அங்கிருந்து நேராக விமான நிலையம் எட்டரை. பௌர்ணமித் திதி சாயங்காலம்தான் பிறக்கிறது, பட்டப்பகலில் யாராவது நடப்பார்களா என்று அத்தை ஆட்சேபித்தார். "கொழந்தைக்கு ஏதுக்கா திதி?" என்று மாமா எழுந்தார். பிறகு எங்களைப் பார்த்து, "ஜல்தி, ஜல்தி. உள்ள ஏறு" என்றார்.

காரும் பெட்டிகளும் பின்னால் வர, நாங்கள் வேனில் போனோம். வழியெல்லாம் அத்தை எனக்கு ஆறுதல் சொன்னார். நெருப்பாக நின்ற சாமிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு அதை முடிக்காமல் இன்னொரு நெருப்பு மலைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா என்பதுதான் ஆறுதல். புவித்தட்டுகள் நகர்வதால்தான் எரிமலை வெடிக்கிறது என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொடுப்பவள் நான். செஞ்சிக் கோட்டை தாண்டுவதற்குள் புவித்தட்டுகள் மேல் எனக்கிருந்த நம்பிக்கை போய்விட்டது. இந்தச் சுற்று முடியாமல் விமானத்தில் கால் வைத்தால் அந்த மலை என் குழந்தைக்காகவே விழித்துக்கொள்ளும் என்று உறுதியாகத் தெரிந்தது.

ஒன்பதேகாலுக்கு நடக்க ஆரம்பித்தோம். மாமா யாழினியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். இந்திர லிங்கம் வரை எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அக்னி லிங்கத்துக்குப் பிறகு தார்ச்சாலை சுட ஆரம்பித்தது. மாமா ஒவ்வொரு லிங்கம் வரும்போதும், "அடுத்தது எம லிங்கம், இறங்கறவங்கள்லாம் முன்னாடி வா" என்று குரல் கொடுத்தார். முன்னால் போன இரண்டு பேர் நிஜமாகவே ஒதுங்கி வழிவிட்டார்கள். நான் சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேல் கழைக்கூத்தாடி மாதிரி நடந்துகொண்டிருந்தேன். அங்கேதான் சூடு கொஞ்சம் குறைவு. குழந்தையின் தலையில் ஈரத்துண்டு, கையில் குடை, மனதில் மணிக் கணக்கு.

வருண லிங்கம் தாண்டியதும் மாமாவின் கால் நின்றுவிட்டது. இடது முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு மரத்தில் சாய்ந்தார். முகம் வெளுத்துவிட்டது. குமரன் குழந்தையை வாங்கக் கை நீட்டினார். மாமா கொடுக்கவில்லை. நான் கெஞ்சினேன். இதுவரை வந்ததே போதும், சாமி ஒத்துக்கொள்ளும் என்றேன். எரிமலையைவிட அந்த நிமிடத்தில் அவர் முகம்தான் பயமாக இருந்தது. இவருக்கு ஏதாவது ஆனால், அது என்னால் ஆனது. ஒரு வருடம் முன்னால் குளிர் வெயில் பார்க்காமல் விட்டிருந்தால் மூன்று கிலோ குறைவாகச் சுமந்திருப்பார்.

"கண்டக்டரு பாதி வழியில இறங்குனா வண்டிய யாரும்மா பாப்பாங்க?" என்றார். பிறகு, "உன் துப்பட்டாவைக் குடு" என்று வாங்கி முட்டியைச் சுற்றி இறுகக் கட்டினார். ஒரு கையை நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன். மீதித் தூரம் முழுக்க அந்தக் கை என் தோளில் இருந்தது. அவர் தோளில் யாழினி. அவள் என் குடையை வாங்கிக்கொண்டு, யாருக்கும் நிழல் விழாத மாதிரி பிடித்துக்கொண்டு வந்தாள். மாமாவின் பாரத்தில் பாதி என் பாதத்துக்கு வந்தது. தார் குழைந்து ஒட்டியது. எரிமலைக் குழம்பில் நடப்பது எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் கேட்டால் இனி அனுபவத்திலிருந்து சொல்லலாம்.

ஈசான்ய லிங்கத்தைத் தாண்டி, கிளம்பிய இடத்துக்கு வந்தபோது மணி இரண்டு ஐம்பது. மாமா யாழினியை இறக்கிவிட்டார். கோபுரத்தைப் பார்த்து விழுந்து கும்பிட்டவர் எழுந்திருக்க நேரமாயிற்று. எழுந்ததும் முதலில் சொன்னது, "பத்து நிமிஷம் பிஃபோர்ல வந்துட்டோம். கெளம்பு."

விமானத்தைப் பிடித்தோம். நன்றாகவே நேரமிருந்தது. ஆனால் என் செருப்புக்குள் கால் நுழையவில்லை. இரண்டு உள்ளங்காலும் கொப்புளம். குமரனின் பனியனைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு, குதிகாலால் நடந்து விமானம் ஏறினேன். பாதுகாப்புச் சோதனையில் கட்டை அவிழ்க்கச் சொன்ன பெண், அவிழ்த்ததும் மறுபடி கட்டச் சொல்லிவிட்டார்.

பாலித் தீவைப் பற்றி எழுத வேண்டுமானால் என் கணவரும் மகளும்தான் எழுத வேண்டும். அருவி, வயல், குரங்கு எல்லாம் அவர்கள் பார்த்தார்கள். அஞ்சரை எரிமலைக்கு யாரும் போகவில்லை. மேலே கொண்டுபோவதற்கு நான் எழுந்திருக்க வேண்டுமே. விடுதி வராந்தாவில் ஒரு சாய்வு நாற்காலி. ஒரு பிளாஸ்டிக் வாளியில் உப்புத் தண்ணீர். அதில் என் கால். எதிரே நாற்பது கிலோமீட்டர் தள்ளி, மேகம் விலகும்போதெல்லாம் அந்த மலை. நான்கு நாள் நானும் அதுவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் நாள், நான் கண்ணை எடுத்தால் விழித்துக்கொள்ளும் என்று பயந்து கண்கொட்டாமல் காவல் காத்தேன். லேசாக மேகம் ஒட்டினால் புகையோ என்று பாதத்தை வாளியிலிருந்து எடுத்துவிடுவேன். இப்போது வெடித்தால் என்னால் ஓடக்கூட முடியாது, வாளியோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இரண்டாம் நாள் மத்தியானம் என்னையும் அறியாமல் தூங்கிவிட்டேன். எழுந்தபோது மலை அங்கேயே இருந்தது. மணி பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை என்பதை வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன். தோல் மருத்துவர் சொன்னதை வாளி செய்துவிட்டது. (முடி கொட்டுவது நிற்கவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.)

மாமாவுக்குத் தினமும் போன் செய்தேன். உண்மைக்கு ஐந்து நிமிடம் போதாது என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்று வருடம் ஏன் தள்ளிப்போட்டேன், அவர் நாள்காட்டியைப் புரட்டியபோது ஏன் வாயை மூடிக்கொண்டேன், அரிசி மூட்டையைப் பார்த்த பிறகும் ஏன் சொல்லவில்லை என்று எல்லாம் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, அங்க சோறு கெடைக்குதா?" என்றார்.

ஆனால் கோலியனூர் அத்தை சும்மா விடவில்லை. வாசலில் அவர் சொன்ன வார்த்தை வேனில் வந்தவர்கள் மூலம் சொந்தம் முழுக்கப் போய்விட்டது. இன்று எங்கள் குடும்பத்தில் யாரும் ரீல் விடுவதில்லை, காதில் பூ சுற்றுவதில்லை. மலைதான் சுற்றுகிறார்கள். பாதி வழி வந்துவிட்டேன் என்று வீட்டிலிருந்தே போன் பேசும் மெக்கானிக், "மலை சுத்துறாரு." சரக்கு நாளைக்கு வந்துவிடும் என்று குமரன் வாடிக்கையாளரிடம் சொன்னால், உள்ளேயிருந்து யாழினி, "அப்பா மலை சுத்துறாங்க" என்பாள். விழுப்புரத்தில் என் அம்மாகூட, நான் நன்றாகச் சாப்பிட்டேன் என்று சொன்னால், "எந்த மலைடி?" என்று கேட்கிறார்.

போன மாதம் மாமாவின் முட்டியை எலும்பு மருத்துவரிடம் காட்டப் போனோம். காட்டவே மாட்டேன் என்றவரை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். யாழினியும் கூட வந்தாள். மருத்துவர் முட்டியை மடக்கிப் பார்த்தார். மாமாவின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

"வலிக்குதா பெரியவரே?"

"சேச்சே. அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

"டாக்டர், தாத்தா மலை சுத்துறாரு" என்றாள் யாழினி.

நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தோம். மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்:

"இந்த முட்டியை வெச்சிக்கினு இனிமே மலையெல்லாம் சுத்தக் கூடாதும்மா. வீட்ல இருக்கிறவங்கதான் பாத்துக்கணும்."